நூறாண்டு மழை

கடலைக் காண்பதற்கு முன்னரே கடலின் சீற்றத்தை நான் அறிந்திருந்தேன் என்று கூறினால் நண்பர்கள் நகைப்பர். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்திலே பிறந்து, பதினெட்டு வயதுவரை கொழும்பைக் கண்டிராத ஒருவனுக்குக் கடலோடு என்ன தொடர்பு இருத்தல் கூடும்? ஆயினும், வைகாசி பிறந்து மேற்கு வானம் கறுத்து, தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் தகரக் கூரையை உலுப்பத் தொடங்கும்போதெல்லாம், அது கடல் தாண்டி வந்த காற்று என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே காற்றுத்தான் கொழும்பிலே அலையாக மோதுகிறது. எங்கள் மலையிலே மழையாக இறங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே கணக்கினால் அளக்கலாம் என்பதைப் பின்னாளிலே பல்கலைக்கழகத்திற் கற்றேன். அக்கணக்கு எனக்குக் கற்பித்ததையும், கற்பிக்காமல் விட்டதையும் இங்கு எழுத முனைகின்றேன்.

என் தந்தையார் தோட்டத்துக் கந்தோரிலே சிற்றூழியராக இருந்தவர். கந்தோருக்கு முன்னாலிருந்த புற்றரையில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்து மழைமானி ஒன்று நின்றது. மேலே ஒரு செப்புப் புனல், உள்ளே ஒரு போத்தல், அளப்பதற்குக் கோடு கீறிய கண்ணாடிக் குவளை, அவ்வளவே அக்கருவி. காலைதோறும் போத்தலிலுள்ள நீரைக் குவளையில் ஊற்றி அளவு பார்த்துப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் சொல்லுவது அப்பாவின் கடமைகளுள் ஒன்று. கிளாக்கர் ஐயா அதனைப் பேரேட்டிலே பதிவார். அப்பாவோ, யாரும் கேளாமலே, தம்முடைய கொப்பி ஒன்றிலும் அதனை எழுதி வந்தார். எதற்காக இந்த இரட்டை வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

“அது ஆபீஸ் புஸ்தகம், ஆபீசுக்கு. இது நம்ம மழை தம்பி” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறு எழுதினார். நான் பேராதனைக்குப் பொறியியல் கற்கச் சென்றபோது, அக்கொப்பிகள் ஒரு பழைய தேயிலைப் பெட்டியிலே அடுக்கப்பட்டு, எங்கள் காம்பிராவின் பரணில் இருந்தன.

இறுதியாண்டிலே கரையோரப் பொறியியல் எங்களுக்குப் பாடமாயிற்று. அலைதடுப்பு அணை ஒன்றை எவ்வளவு உயரமாகக் கட்டுவது, அதன் மேற்பரப்பிலே எத்துணை எடையுள்ள கற்களை அடுக்குவது என்பனவற்றை விளக்கிய விரிவுரையாளர், ‘நூறாண்டு அலை’ என்னும் சொற்றொடரைக் கரும்பலகையில் எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அலை என்று நாங்கள் அனைவரும் குறித்துக்கொண்டோம். விடுமுறையில் வீடு சென்றபோது இதனை அப்பாவிடம் கூறினேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “அப்போ போன வருஷம் பெஞ்ச மாதிரி மழை ஒருதரம் வந்திருச்சின்னா, இனி நூறு வருஷத்துக்கு நிம்மதியா தூங்கலாமா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை தெளிவானதன்று. இன்று சொல்வதாயின் லயத்திலே நடக்கும் சீட்டை வைத்துச் சொல்லுவேன். சீட்டிலே ஒருமுறை பணம் எடுத்தவருடைய பெயர் அடுத்த குலுக்கலிற் சேராது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒருமுறைதான் முறை வரும். இயற்கை நடத்தும் குலுக்கல் அத்தகையதன்று. நூறு துண்டுகளுள் ஒன்றிலே ‘பெருமழை’ என்று எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு துண்டை எடுக்கிறோம். எடுத்த துண்டை மீண்டும் அதே குவளைக்குள் போட்டுக் குலுக்குகிறோம். ஆகவே, சென்ற ஆண்டு பெருமழை வந்தது என்பதனால் இவ்வாண்டுக்குரிய வாய்ப்பு அணுவளவும் குறைவதில்லை. ‘நூறாண்டு மழை’ என்பதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே. நூறு ஆண்டு ஓய்வு என்று அது எவருக்கும் வாக்களிப்பதில்லை.

இவ்விளக்கத்தின் பின்னே ஓர் அச்சமூட்டும் கணக்கு மறைந்திருக்கிறது. ஒரு லயத்திலே அறுபது ஆண்டுகள் வாழும் ஒருவர், நூறாண்டு மழையை ஒருமுறையேனும் சந்திப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 45 வீதம். ஐம்பதாண்டு மழையாயின் அது 70 வீதம். இருபத்தைந்தாண்டு மழையாயின் 91 வீதம். ஓர் ஆண்டை நோக்கினால் அற்பமாகத் தோன்றுவது, ஓர் ஆயுளை நோக்கினால் ஏறக்குறைய நிச்சயமாகிவிடுகிறது. அதிகாரிகள் ஆண்டை நோக்குகின்றனர். லயத்திலிருப்பவர் வாழ்வது ஆயுளை. இரு சாராரும் ஒரே மலையைப் பற்றிப் பேசியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்த விடுமுறையிலே அப்பாவின் கொப்பிகளை இறக்கி, ஒவ்வோர் ஆண்டிலும் ஒரே நாளிற் பெய்த மிக அதிகமான மழையைப் பொறுக்கி எடுத்தேன். இருபத்தெட்டு எண்கள் கிடைத்தன. ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த எமில் கும்பெல் என்னும் கணித அறிஞர், 1958இல் வெளியிட்ட நூலொன்றில் உச்ச நிகழ்வுகளின் புள்ளியியலை ஒழுங்குபடுத்தினார். வெள்ளத்துக்கும் அலைக்கும் மழைக்கும் பொதுவான முறை அது. எண்களை வரிசைப்படுத்தி, அவருடைய முறைப்படி புள்ளியிட்டு, அவற்றினூடே ஒரு கோட்டை வரைந்து, அக்கோட்டை நூறாண்டு வரையும் நீட்டினேன். அப்பா அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நான் எழுதினது இருபத்தெட்டு வருஷம். மிச்சம் எழுபத்திரண்டு வருஷத்தை நீ எங்கேருந்து எடுத்த?” என்றார்.

பொறியியலாளர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வி அது. குறுகிய காலத்துப் பதிவைக் கொண்டு நெடுங்காலத்தை ஊகிக்கும்போது ஐயத்தின் அளவும் உடன்வளர்கிறது. அன்றியும், நேற்றைய வானமே நாளையும் இருக்கும் என்னும் எடுகோளின்மீதே அக்கோடு நிற்கிறது. காலநிலை மாறிவரும் இக்காலத்திலே, குவளைக்குள் இருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையே மாறிக்கொண்டிருக்கிறது.

எமது முன்னோர் காலத்தில் இத்தகைய கணக்குகள் இருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணையை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னர் கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நின்றன; தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சரக்கேற்றுவது பெரும்பாடாயிருந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, ஜோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி எழுந்த அவ்வணை, நாலாயிரம் அடிக்கு மேல் நீண்டு 1885இல் நிறைவெய்தியது. கண்டறிந்த பேரலையை மனத்திற் கொண்டு, அனுபவத்தையும் துணிவையும் சேர்த்துக் கட்டிய காலம் அது. அதே ஆண்டுகளிலேதான் புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. மலையிலே விளைந்தது நனையாமலும் தடைப்படாமலும் கப்பலேறுவதற்காக, ஓர் அரசு மலையுச்சி தொடங்கிக் கடல்வரையும் செய்த பெருஞ்செலவின் இரு முனைகள் அவை. முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் அப்பாதுகாப்புக் கிடைத்தது. அப்பெட்டிகளை நிரப்பிய மக்களுடைய இருப்பிடத்துக்கு அன்று எவரும் வடிவமைப்பு மழை ஒன்றை வகுத்ததாக நான் அறியேன்.

அனுபவமும் துணிவும் மட்டும் போதா என்பதை உலகம் பல இடங்களிற் கற்றது. போர்த்துக்கல் நாட்டின் சீனெஸ் துறைமுகத்திலே, 42 தொன் எடையுள்ள ‘டொலோஸ்’ எனப்படும் கொங்கிறீற்றுக் கட்டிகளை அடுக்கி எழுப்பிய அணை, 1978 பெப்ரவரியில், வேலை முடிவுறும் தறுவாயிலேயே புயலாற் பெரிதும் சிதைந்தது. அலையின் உயரத்தைக் கருதியவர்கள், ஆடி மோதும் கட்டி நடுவிலே முறிந்துபோகக்கூடும் என்பதனைப் போதிய அளவு கருதவில்லை. இதன் பின்னரே, சுமை என்ன, அதனைத் தாங்கும் வலிமை என்ன, இவ்விரண்டிலும் உள்ள ஐயம் எவ்வளவு, எத்தனை வழிகளில் ஓர் அணை தோற்கக்கூடும் என்றெல்லாம் தனித்தனியே எண்ணி, தோல்வியின் நிகழ்தகவைக் கணிக்கும் வழக்கம் அலைதடுப்பு அணைகளின் வடிவமைப்பில் வலுப்பெற்றது.

இம்முறையை எங்கள் லயத்துக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. மழை என்பது சுமை. மலைச்சரிவின் மண் வலிமை. சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் அடைபட்டால் நீர் வழிந்தோடாது மண்ணுக்குள் இறங்கி, அதன் பிடிப்பைத் தளர்த்தும். லயத்தின் பின்புறத்தில், ஒரு சமையலறைக்காக மண்ணை வெட்டினால் சரிவின் பாதமே அறுபடும். முன்னொரு காலத்திற் கான் வெட்டுவதற்கென்றே தனியாக ஆட்கள் இருந்தார்கள் என்று அப்பா கூறுவார். கான் தூர்ந்த மலைக்கு நூறாண்டு மழை தேவையில்லை. பத்தாண்டு மழையே போதும்.

இனி, என்னை நெடுநாள் உறங்கவிடாத கணக்குக்கு வருகின்றேன்.

எமது நாட்டிலே கோட்டைகள் கட்டியவர்கள் என நாமறிந்த ஒல்லாந்தரின் தாயகத்தில், 1953 ஜனவரி 31ஆம் திகதி இரவு கடல் அணைகளை உடைத்து உட்புகுந்தது. 1,836 பேர் மாண்டனர். அந்நாட்டரசு உடனே டெல்டா ஆணைக்குழுவை அமைத்தது. டேவிட் வான் டான்சிக் என்னும் கணித அறிஞர், 1956இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அணையின் உயரத்தைப் பொருளியற் கணக்காக மாற்றினார். அணையை உயர்த்த உயர்த்தச் செலவு கூடும். வெள்ளத்தால் எதிர்பார்க்கக்கூடிய நட்டமோ குறையும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே தகுந்த உயரம். தெளிவும் அழகும் மிக்க கருத்து அது. நடு ஒல்லாந்துக்குப் பதினாயிரத்தில் ஒன்று என்னும் அளவு இத்தகைய சிந்தனையிலிருந்தே பிறந்தது.

அழகிய கணக்கைக் கண்ட இளைஞன் அதனைத் தன் வீட்டிலே பரீட்சித்துப் பார்க்க விரும்புவது இயல்பு. எங்கள் லயத்துக்கு மேலுள்ள சரிவைத் தாங்கு சுவராலும் வடிகாலாலும் உறுதிப்படுத்துவதற்கு ஆகும் செலவை ஒருபுறம் எழுதினேன். சரிவு விழுந்தால் ஏற்படும் நட்டத்தை மறுபுறம் எழுதத் தொடங்கினேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராக்கள், நூறாண்டு கடந்தவை, பெறுமதி இல்லை. காணி குடியிருப்பவருக்குச் சொந்தமன்று. ஆகவே அவருக்கு அதிலே நட்டமும் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள், சில கோழிகள், ஒரு பசு. எத்தனை முறை கூட்டினாலும் செலவு ஓங்கி நின்றது. நட்டம் தாழ்ந்தே கிடந்தது. ஒன்றும் செய்யாமல் விடுவதே ‘தகுந்த’ முடிவு என்று என் கையெழுத்திலேயே விடை வந்தது. மனிதரை அக்கணக்கிற் சேர்ப்பதற்கு, என் தாயின் தலைக்கு ஒரு விலை எழுதவேண்டியிருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பிழை கூட்டலிலே இல்லை. எதைக் கூட்டுவது என்பதிலே இருந்தது. இழப்பதற்குச் சொத்துள்ளவனுக்கே அக்கணக்கு உயர்ந்த அணையைக் கட்டிக்கொடுக்கும். ஒல்லாந்திலும் அவ்வாறே நேர்ந்தது. 1953இல் மிகுதியாக மடிந்தவர்கள் தென்மேற்கிலுள்ள சீலாந்து மக்கள். ஆனால் செல்வம் செறிந்த நடு ஒல்லாந்துக்குப் பதினாயிரத்தில் ஒன்று என்றபோது, சீலாந்துக்கு வகுத்த அளவு நாலாயிரத்தில் ஒன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையிலே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருக்கவில்லை, சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டும் ஏன் போகவில்லை என்று கொழும்பிலே என்னிடம் வினவியவர் பலர். எங்கே போவது என்று வினவியவர் சிலரே.

எச்சரிக்கையின் கணக்கையும் இங்கு கூறவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவுகளை வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 75 கடந்தாலோ வெளியேற்றம். மழை அளவைக் கடந்த இடமெல்லாம் மலை சரிவதில்லை. பத்து எச்சரிக்கைகளில் ஒன்பதிலே மலை அசையாது என்று வைத்துக்கொண்டாலும், பத்தாவதிற் காக்கப்படும் உயிர்களுக்காக ஒன்பது முறை வெளியேறுவதே அறிவு. ஆனால் அந்த ஒன்பது முறைக்குமான செலவை யார் ஏற்பது?

அம்மா மூன்றுமுறை வெளியேறிவிட்டு, நான்காம் முறை மறுத்தார். “போற ஒவ்வொரு தரமும் ரெண்டு நாள் பேர் போகுது. போன தரம் வந்து பார்த்தா கோழி ஒண்ணும் இல்ல. மலை விழல; ஆனா எங்களுக்கு விழுந்துச்சு தம்பி” என்றார். நாள் வேலைக்குப் பதியப்படும் ‘பேர்’ தவறினால் அன்றைய கூலி இல்லை என்பது தோட்டத்தை அறிந்தோர்க்குத் தெரியும். அம்மாவை அறியாமையுடையவர் என்று கூற எனக்கு நா எழவில்லை. அவரும் நிகழ்தகவைக் கணித்தே முடிவு செய்தார். நிச்சயமான நட்டம் தன் தலையிலும், நிச்சயமற்ற நன்மை எங்கோ தொலைவிலும் இருக்கும்படி அக்கணக்கை அமைத்தவர்கள் வேறு யாரோ.

ஒல்லாந்தர் தம் கணக்கிலே ஒரு வரியைச் சேர்ப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 2017 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய புதிய விதி, அணைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தினால் இறக்கும் நிகழ்தகவு ஆண்டுக்கு இலட்சத்தில் ஒன்றை விஞ்சலாகாது என்கிறது. 2050க்குள் அந்நிலையை எய்தவேண்டும் என்பது இலக்கு. சொத்தின் கணக்கு நீக்கப்படவில்லை. உயர்ந்த பாதுகாப்பு வேண்டிய இடத்திலே அது இன்னும் பயன்படுகிறது. ஆனால் அதற்குக் கீழே, எவ்வளவு வறியவராயினும் ஒருவரும் விழுந்துவிடாதபடி ஒரு தளம் இடப்பட்டிருக்கிறது. அவ்விதியிலே மனிதருக்கு விலை எழுதவேண்டிய அவசியம் இல்லை. அன்று நான் கீழே வைத்த பென்சிலை மீண்டும் எடுப்பதற்கு அதுவே எனக்குத் துணிவு தந்தது.

இந்த ஒரு வரியை எமது மலைக்கு எழுதினால் விடை முற்றாக மாறிவிடும். ‘இந்தச் சரிவைக் காப்பது இலாபமா?’ என்ற கேள்வி மறைந்து, ‘இந்த லயத்தில் உறங்கும் ஒருவருடைய இடர் எவ்வளவு? அதனை எல்லைக்குள் கொண்டுவர மிகக் குறைந்த செலவிலான வழி யாது?’ என்ற கேள்வி எழும். சில இடங்களிலே கானைத் துப்புரவாக்குவது போதியதாகலாம். சில இடங்களிலே வடிகாலும் சுவரும் வேண்டும். வேறு சில இடங்களிலே, பாதுகாப்பான நிலத்திற் சொந்தக் காணியும் வீடும் கொடுப்பதைத் தவிர வேறு வழி இராது. எந்த இடத்துக்கு எது என்பதைக் கூறவே கணக்கு வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டிலே அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; மலையகம் பெருந்துயருற்றது. அன்றிரவு தொலைபேசி அடிக்கடி அறுந்துபோயிற்று. ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தும் அப்பா மழை அளப்பதை விடவில்லை. இஸ்தோப்புக்கு வெளியே கம்பத்திற் கட்டிய பிளாஸ்ரிக் மழைமானியை இருமுறை வெறுமையாக்கி, அளவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ரோச் லைற்றுடன் காம்பிரா காம்பிராவாகக் கதவைத் தட்டியிருக்கிறார். இம்முறை அம்மா மறுக்கவில்லை. எல்லோரும் பாடசாலைக் கட்டடத்திற்குச் சென்றனர். விடியுமுன் லயத்தின் பின்புற மண்மேடு சரிந்து, கடைசி இரு காம்பிராக்களின் சுவரைத் தள்ளியது. உயிர்ச்சேதம் இல்லை.

இத்துடன் முடித்தால் இது மகிழ்ச்சியான கதையாகிவிடும். பத்து நாட்களின் பின் பாடசாலையை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. வேறிடம் இன்மையால், நின்ற காம்பிராக்களுக்கே மக்கள் திரும்பினர். இடிந்த இரண்டில் இருந்தவர்கள் உறவினரோடு ஒண்டினர். அப்பாவின் மழைமானி ஓர் இரவைக் காத்தது. அடுத்த இரவின் நிகழ்தகவு முன்னிருந்தபடியே இருக்கிறது. சரிவின் பாதம் அறுந்திருப்பதால் அதனிலும் கூடியிருக்கிறது என்பதே உண்மை.

இவ்விதழைப் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோட்டத்துக் கந்தோர்களிலே பழைய மழைப் பேரேடுகள் தூசி படிந்து கிடக்கக்கூடும். அவை கறையானுக்கு இரையாவதற்கு முன்னர் பிரதி செய்யுங்கள். உச்ச மழையைக் கணியுங்கள். கான்களை நேரிற் சென்று பாருங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் இடரைக் குறியுங்கள். நட்டத்தை எழுதும் பக்கத்திலே, சொத்துக்கு முன்னதாக, அங்கு உறங்குவோரின் தொகைக்கு ஒரு நிரலை ஒதுக்குங்கள். அக்கணக்கை ஆட்சியாளர் ஏற்பாரோ மறுப்பாரோ யானறியேன். கணக்கே இல்லாதபோது மறுப்பதற்குக்கூட அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அப்பாவின் கொப்பிகள் இப்பொழுது என்னிடம் உள்ளன. நவம்பர் மாதத்து அந்த இரு நாட்களுக்குரிய எண்களைத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்தார். இறுதியிலே, தம் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி சேர்த்திருந்தார்: “இதையும் உன் கோட்டுல சேர்த்துக்க. கோடு எங்க போகுதுன்னு பார்த்துச் சொல்லு.”